நெனெத்சு மக்களின் இடம்பெயர் வாழ்வு

நெனெத்சு மக்கள் உருசியாவின் வடக்கே ஆர்க்டிக் தூந்திரத்தில் வாழும் பழங்குடியினர். இவர்களில் துருவ மான் மேய்ப்போர் பலர் யமால் தீபகற்பத்தில் உள்ளனர். யமால் என்றால் அவர்கள் மொழியில் 'நிலத்தின் முனை' என்று பொருள்.

குளிர்காலத்தைத் தெற்கே மரங்கள் உள்ள பகுதியில் கழிக்கும் இவர்கள், வசந்தத்தில் மந்தையுடன் வடக்கே காரா கடலை நோக்கிச் செல்வர். ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிய சறுக்குவண்டித் தொடருக்கு 'அர்கிசு' என்று பெயர். வீடும் அதிலேயே பயணிக்கும். மரக்கழிகளின் மேல் மான்தோல் போர்த்திய கூம்புக் கூடாரமே வீடு. அதை எழுப்புவதும் பிரிப்பதும் பெண்களின் பொறுப்பு. ஆண்கள் அணியும் 'மாலித்சா' உரோமம் உட்புறம் இருக்கத் தைத்த மேலங்கி. தலைமூடியும் கையுறையும் அதோடு சேர்ந்தே இருக்கும். முன்புறத் திறப்பு கிடையாது, தலைவழியாகத்தான் மாட்ட வேண்டும். காற்று புக வழியில்லை.

மான்கள் பனியைக் குளம்பால் தோண்டி, அடியில் உள்ள லைக்கன் என்னும் பாசி போன்ற உயிரியைத் தின்கின்றன. குளிருக்கு இவை அஞ்சுவதில்லை. குளிர்காலத்தில் பெய்யும் மழைதான் ஆபத்து. மழைநீர் உறைந்து கெட்டித் தகடாகிவிட்டால் குளம்பால் அதை உடைக்க முடியாது. 2013 நவம்பரில் யமாலில் அப்படி மழை பெய்தது. அந்தக் குளிர்காலத்தில் சுமார் 61,000 மான்கள் பட்டினியால் இறந்தன. வண்டி இழுக்க மானில்லாத குடும்பங்கள் தூந்திரத்திலேயே சிக்கிக்கொண்டன. மீன்பிடித்து உயிர் வாழ்ந்த அவர்கள், உறவினரிடம் இனப்பெருக்கத்துக்கு மான்களை இரவல் வாங்கி மீண்டும் மந்தை சேர்க்கத் தொடங்கினர். அதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும்.