பாறை மண்ணாகும் மலை

பதுளையிலிருந்து பண்டாரவளைக்குப் போகும் வழியில் மலையை வெட்டிப் பாதை போட்ட இடங்களில் கொஞ்சம் நின்று பாருங்கள். மேலே கறுத்த மண் ஒரு சாண் இருந்தால் அதிகம். அதன்கீழே ஆள் உயரத்துக்குச் செம்மஞ்சள் மண். இன்னும் கீழே பாறை போலவே வரிவரியாகத் தெரியும். விரலால் அழுத்தினால் உதிரும். அது உக்கிய பாறை. பாதி பாறை, பாதி மண்.

இந்த மலைகள் இருக்கும் ஊவா மாகாணத்தின் அடிப்பாறைக்கு வயது நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல். மழைநீர் காற்றிலும் வேர்களைச் சுற்றியும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு, மென்மையான அமிலமாகி, வெடிப்புகளில் இறங்குகிறது. பாறையிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் களியாகிறது. இரும்பு துருவேறிச் சிவப்பையும் மஞ்சளையும் தருகிறது. குவார்ட்ஸ் மட்டும் கரையாமல் மணலாக மிஞ்சுகிறது. கல்சியமும் பொட்டாசியமும் கழுவப்பட்டுப் போவதால் மண்ணில் அமிலம் கூடுகிறது. தேயிலைக்கு அதுதான் வேண்டும்.

காலநிலை, உயிர்கள், தரையின் சரிவு, மூலப்பாறை, காலம் ஆகிய ஐந்தும் சேர்ந்தே மண்ணை ஆக்குகின்றன என்று 1941இல் ஹான்ஸ் ஜென்னி எழுதினார். ஊவாவில் சரிவையும் காலத்தையும்தான் முதலில் கவனிக்க வேண்டும். ஓர் அங்குல மேல்மண் உண்டாகப் பல நூறு ஆண்டுகள் பிடிக்கும். வெறும் சரிவில் அது சில மழைக்காலங்களிலேயே போய்விடும். காடழித்துக் கோப்பி போட்ட காலத்திலும், பிறகு தேயிலை வந்தபோதும், புல்பூண்டு இல்லாமல் சுரண்டி வைத்த மலையே நல்ல மலை என்று தோட்டத் துரைமார் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் ஆற்றோடு போன மண் திரும்பவில்லை. கான் வெட்டி, அதில் தங்கும் மண்ணை அள்ளி மேட்டில் போடும் தொழிலாளர்தான் மிச்சத்தைக் காத்தார்கள். பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில் ஒன்றரை, இரண்டு வருடம் குவாத்தமாலாப் புல் வளர்ப்பதும் மண்ணுக்கு உயிர் கொடுக்கத்தான்.

மண் எப்படி வந்தது என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வியும்கூட. இருந்த இடத்திலேயே உக்கிய மண் ஒன்று. மேலிருந்து சரிந்து வந்து படிந்த மண் வேறு. பின்னது இறுக்கமற்றது, நீர் நிறைந்தால் துகள்களின் பிடி தளரும். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மண்சரிவில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களைப் புதைத்தது அப்படி இளகிய மண்தான். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. பாதுகாப்பான நிலத்தில் வீடு கட்டிக்கொடுக்காமல் வெறும் எச்சரிக்கையை மட்டும் கொடுத்தால் லயத்துச் சனம் எங்கே போகும்?

தரையில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் அல்லது நின்றுபோகும் ஊற்று: மழை நாளில் மண்சரிவின் இந்த அறிகுறிகளில் ஒன்றைக் கண்டாலும் பிள்ளைகளையும் வயசானவர்களையும் கூட்டிக்கொண்டு உடனே அந்தச் சரிவை விட்டு விலகுங்கள்.