வெட்டியதை ஒட்டியவர்கள்

மாலை நாலு மணி. ஆஸ்திரிய மலை ஏரி ஒன்றின் கரையில் பெண்கள் விடுதிப் பள்ளி. நடைப்பயணம் முடிந்து வந்த பிள்ளைகள் நீள மேசையைச் சுற்றி உட்கார்கிறார்கள். ஆவி பறக்கக் காபி வருகிறது, கூடவே கேக். ஒருத்தி சர்க்கரைக் கிண்ணத்தை ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். அன்றைக்கு ஜெர்மன் பேச வேண்டிய நாள். கதைக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. யாரும் பனியில் புதையவில்லை, யாரும் ஏரியில் விழவில்லை. காபி குடிக்கிறார்கள், அவ்வளவுதான்.

'சாலே ஸ்கூல்' கதைகளில் இந்த மாதிரிக் காட்சி எத்தனையோ முறை வரும். 1967-இல் ஆர்மடா நிறுவனம் இந்தத் தொடரை மலிவு விலைப் பேப்பர்பேக்காகக் கொண்டுவரத் தொடங்கியபோது கத்தரிக்கோல் பாய்ந்தது இப்படிப்பட்ட இடங்களில்தான். அதில் நியாயமும் உண்டு. நானும் பத்திரிகையில் பக்கம் ஒட்டிப் பிழைக்கிறவள். பக்கத்துக்கு அடங்காத கட்டுரையில் முதலில் எதை எடுப்பாய் என்று கேட்டால் சாப்பாட்டையும் வர்ணனையையும்தான் காட்டுவேன். ஆனால் இங்கிலாந்தில் நடுவயது தாண்டிய பெண்கள் சிலர் அந்த வெட்டுப்பட்ட காபிக்காகவே பழைய புத்தகக் கடைகளில் வருஷக்கணக்கில் ஏறி இறங்கினார்கள். கடைசியில் அவர்களில் சிலர் தாங்களே பதிப்பகம் தொடங்கிவிட்டார்கள்.

தொடரை எழுதியவர் எலினோர் எம். பிரென்ட்-டயர். 1894-இல் இங்கிலாந்தின் வடகிழக்குத் துறைமுக ஊரான சவுத் ஷீல்ட்ஸில், வரிசை வீடு ஒன்றில் பிறந்தவர். அவருக்கு மூன்று வயதானபோது அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். அந்தக் காலத்தில் அது வெளியே சொல்லக்கூடிய சங்கதி இல்லை. வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தார்கள். ஒரே தம்பியும் பதினேழு வயதில் இறந்துபோனான். எலினோர் டீச்சரானார். 1924-இல் ஆஸ்திரியாவின் டிரோல் பகுதிக்கு, ஆகென்ஸே என்ற ஏரிக்கரைக்கு விடுமுறைக்குப் போனார். அங்கே பெர்ட்டிஸாவ் என்று ஒரு சின்னக் கிராமம். மறு வருஷமே 'தி ஸ்கூல் அட் தி சாலே' வெளியானது. சாலே என்றால் ஆல்ப்ஸ் மலைப் பக்கத்து மரவீடு.

கதை எளிமையானது. பெற்றோர் இல்லாத பெட்டனி குடும்பத்தில் மூத்தவள் மேட்ஜ், இருபத்து நாலு வயதுக்காரி. தங்கை ஜோ சீக்காளி. கையில் பணம் கொஞ்சம். முதல் உலகப்போருக்குப் பிந்தைய ஆஸ்திரியாவில் இங்கிலாந்துப் பவுண்டுக்கு நல்ல மதிப்பு. அங்கே போய் ஒரு பள்ளிக்கூடம் நடத்தினால் என்ன என்று கிளம்பிவிடுகிறாள். ஒரு நாள் ஆங்கிலம், ஒரு நாள் பிரெஞ்சு, ஒரு நாள் ஜெர்மன் என்று முறை வைத்துப் பேசும் பள்ளி. மேலே மலையில் காசநோய் மருத்துவமனை ஒன்று முளைக்கிறது. டாக்டர்கள் வருகிறார்கள், கல்யாணங்கள் நடக்கின்றன. அந்தச் சீக்காளி ஜோ வளர்ந்து எழுத்தாளராகிப் பதினொரு பிள்ளை பெறுகிறாள். அதில் முதல் பிரசவமே மூன்று பெண் குழந்தைகள்! அப்பா இல்லாமல் வளர்ந்தவர், கைகொள்ளாத குடும்பங்களாக எழுதித் தள்ளினார். 1969-இல் அவர் இறந்தார். கடைசிப் புத்தகம் 1970-இல் வந்தது. 45 வருஷத்தில் ஏறக்குறைய 60 புத்தகம். சொந்தமாக ஹெரிஃபோர்டில் ஒரு பள்ளிக்கூடமும் நடத்திப் பார்த்தார். 1938-இல் தொடங்கியது 1948-இல் மூடப்பட்டது. காகிதத்தில் கட்டிய பள்ளிதான் நின்றது.

நம் ஊரில் இந்தத் தொடரை அறிந்தவர்கள் குறைவு. விடுதிப் பள்ளிக் கதை என்றால் நமக்கு எனிட் பிளைட்டன்தான். மாலரி டவர்ஸ் ஆறு, செயின்ட் கிளேர்ஸ் ஆறு. வாடகை நூலகத்தில் அட்டை போட்டு, கோடை விடுமுறை முழுக்கத் தினம் ஒன்றாக எடுத்துப் படித்தவர்கள் என் வயதில் ஏராளம். நள்ளிரவு விருந்தில் மத்தி மீனும் அன்னாசியும் சேர்த்துத் தின்பார்கள். தயிர்சாதத்தோடு மாவடு கடித்துக்கொண்டே அதைப் படித்து ஏங்கியிருக்கிறேன். பிளைட்டன் புத்தகம் கடையில் இல்லாமல் போனதே இல்லை. ஆனால் அவருக்கும் கத்தரி உண்டு. 1946-இல் வந்த முதல் மாலரி டவர்ஸ் கதையில் நாயகி டாரெல் கோபத்தில் சக மாணவி க்வெண்டலினை நீச்சல் குளத்தில் பளார் என்று அறைவாள். பிந்தைய பதிப்புகளில் அறை போய் வசவு வந்துவிட்டது. ஒரு பெண்ணின் முன்கோபம்தான் அந்தப் புத்தகத்தின் முதுகெலும்பு. அறையே இல்லாவிட்டால் அவள் பிறகு எதற்காக அப்படிக் கூசிப்போகிறாள்?

பிளைட்டனுக்கு வெளியே இருந்தவர்கள் கதி வேறு. ஆஞ்செலா பிரேசில் 1906-இலேயே பள்ளிக்கதை எழுதத் தொடங்கியவர். எல்சி ஜே. ஆக்ஸன்ஹாம் பாழடைந்த மடாலயத்தைச் சுற்றி 'ஆபி' கதைகளைப் பின்னினார். சாமர்செட்டில் உள்ள கிளீவ் மடாலயம்தான் அதற்கு மாதிரி. டோரிட்டா ஃபேர்லி புரூஸுக்கு 'டிம்ஸி'. மூவருமே அந்தக் காலத்தில் பரிசுப் புத்தகமாக, கிறிஸ்துமஸ் அன்பளிப்பாக வீடு வீடாகப் போனவர்கள். பிறகு போர் வந்தது. 1940 டிசம்பர் 29 ராத்திரி லண்டனில் செயின்ட் பால்ஸ் தேவாலயத்தை ஒட்டிய பதிப்பகத் தெரு, பேட்டர்னாஸ்டர் ரோ, குண்டு வீச்சில் எரிந்தது. சாம்பலானவை சுமார் 50 லட்சம் புத்தகங்கள் என்பார்கள். காகிதத்துக்கு ரேஷன். பழைய காகிதம் சேர்க்கும் இயக்கத்தில் வீட்டுப் பரணில் கிடந்த பிள்ளைகளின் புத்தகமும் போனது. போர்க்காலத்தில் வந்த புத்தகங்கள் குறைந்த படி, மட்டக் காகிதம். சிறுமிகள் கையில் கிழிந்து, கலர் பென்சில் கிறுக்கலோடு முடிந்தவையே அதிகம். விமர்சகர்களோ நூலகர்களோ இதையெல்லாம் இலக்கியம் என்று மதித்துப் பாதுகாக்கவுமில்லை.

ஆக, சாலே கதைகளில் மிஞ்சியது ஆர்மடா பேப்பர்பேக். அதன் புண்ணியத்தில்தான் அறுபது, எழுபது, எண்பதுகளின் பிள்ளைகள் இந்தத் தொடரையே படித்தார்கள் என்பதை மறக்கக்கூடாது. ஆனால் சில புத்தகங்களில் சில வரிகள் போயிருந்தால், சிலவற்றில் அத்தியாயங்களே காணோம். 1934-இல் வந்த லின்டன் சகோதரிகள் கதை நீளம் என்று இரண்டாக அறுக்கப்பட்டு, இரண்டாம் பாதி வேறு பெயரில் தனிப் புத்தகமானது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, வேலைக்குப் போய், என்றைக்கோ ஒரு நாள் பழைய கடையில் கெட்டி அட்டைப் பிரதியைப் புரட்டும்போதுதான் திடுக்கிட்டார்கள். இந்தப் பக்கத்தை நான் படித்ததே இல்லையே!

அந்தத் திடுக்கிடல் எப்படிப்பட்டது என்று தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. 'கல்கி'யில் வாராவாரம் கிழித்தெடுத்து, மணியம் படத்தோடு பைண்ட் செய்த 'பொன்னியின் செல்வன்' வீட்டில் இருந்தவர்கள், படம் இல்லாத புத்தகத்தைக் கையில் வாங்கியதும் முகம் சுளித்ததைப் பார்த்திருக்கிறேன். சிவகாசியைக் கேளுங்கள், இன்னும் நன்றாகச் சொல்லும். 1972-இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு வந்த முத்து காமிக்ஸும், 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸும் பிரிட்டனின் சிறுவர் படக்கதைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தன. அன்றைக்கு அரை டிராயர் போட்டுப் படித்தவர்கள் இன்று தலை நரைத்து, சந்தா கட்டி, மறுபதிப்பு எப்போது என்று நச்சரிக்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கான சரக்கு கிடைத்த சீமையில் பெண்கள் செய்வதை இங்கே ஆண்கள் செய்கிறார்கள்.

இங்கிலாந்தில் நச்சரிப்பு சங்கமானது. 1981-இல் ஹெலன் மெக்லெல்லண்ட் எழுதிய பிரென்ட்-டயர் வாழ்க்கை வரலாறு வந்ததும், தன்னைப் போல் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்பது ஒவ்வொருத்திக்கும் தெரிந்தது. 1989-இல் 'சாலே ஸ்கூலின் நண்பர்கள்' என்ற அமைப்பு தொடங்கியது. கிடைக்காத புத்தகங்களை உறுப்பினர்களுக்குத் தபாலில் இரவல் தந்தார்கள். இந்தக் கதைகளை ஆராய்ச்சிக் கண்ணோடு பார்த்தவர்கள் சிலர் கதாநாயகியின் குடும்பப் பெயரிலேயே பெட்டனி பிரஸ் ஆரம்பித்தார்கள். 2000-ஆம் ஆண்டையொட்டி கிளாரிஸா கிரிட்லண்ட், ஆன் மாக்கி-ஹன்டர் என்ற இரு பெண்கள் சாமர்செட்டிலிருந்து 'கேர்ல்ஸ் கான் பை' பதிப்பகத்தை நடத்தத் தொடங்கினார்கள். கடந்துபோன நாட்கள் என்பதைக் கடந்துபோன சிறுமிகள் என்று திருப்பிப்போட்ட பெயர். கொள்கை ஒன்றே ஒன்றுதான்: ஒரு வரி வெட்டாமல் முழுசாகப் போடுவது.

சொல்வது சுலபம். முதலில் வெட்டுப்படாத பழைய பதிப்பு ஒன்று வேண்டும். மேலுறையும் கிழியாமல் வேண்டும். அது யாரோ ஒரு சேகரிப்பாளரின் கண்ணாடி அலமாரியில் இருக்கும். ஆரம்பகால மேலுறைகளை வரைந்தவர் நினா பிரிஸ்லி. 'மில்லி-மாலி-மாண்டி' கதைகளை எழுதிய ஜாய்ஸ் பிரிஸ்லியின் சகோதரி. கத்தரிப்பூ நிழலில் பனிமலையும் பழுப்புச் சீருடையும் வரைவதில் கெட்டிக்காரர். ஆசிரியர் இறந்து 70 வருஷம் வரை பிரிட்டனில் பதிப்புரிமை உண்டு. பிரென்ட்-டயருக்கு அது 2039 கடைசியில்தான் முடியும். அதனால் உரிமையாளரிடம் அனுமதி.

அப்புறம் ஸ்கேன், அப்புறம் புரூஃப். இந்த இடத்தில்தான் எனக்கு அவர்கள் மேல் மரியாதை கூடுகிறது. பழைய எழுத்தைக் கம்ப்யூட்டர் படிக்கும்போது 'ஆர்' எழுத்தும் 'என்' எழுத்தும் ஒட்டி நின்றால் அதை 'எம்' என்று எடுத்துக்கொள்ளும். எரிவதைக் குறிக்கும் 'பர்ன்' என்ற ஆங்கிலச் சொல் 'பம்' ஆகிவிடும். ஆங்கிலத்தில் அது பின்பக்கம்! பெண்கள் பள்ளிக்கூடக் கதையில், தலைமையாசிரியை வாயில் இது வந்தால் எப்படி இருக்கும்? ஸ்பெல்லிங் சரியாக இருப்பதால் கணினி கண்டுபிடிக்காது. மனிதக் கண்தான் ஒவ்வொரு வரியாகப் போக வேண்டும். போதாததற்கு ஜெர்மன் எழுத்தின் தலைமேல் நிற்கும் இரட்டைப் புள்ளி ஒவ்வொன்றும் தன் இடத்தில் இருந்தாக வேண்டும்.

இதைவிடப் பெரிய தலைவலி ஆசிரியரே செய்த பிழைகள். எழுத்தாளர் அம்மாவுக்கு ஞாபகமறதி அதிகம். ஒரு புத்தகத்தில் பதினாலு வயதான பெண் அடுத்ததில் பதிமூன்று. குடும்பப் பெயர் மாறும். கண்ணின் நிறம்கூட மாறும். ரசிகைகள் இதற்கு அவர் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஈ-பி-டி-இஸம்' என்றே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அச்சுக்கோத்தவர் செய்த பிழையைத் திருத்தலாம்; ஆசிரியர் செய்த பிழையைத் தொடக்கூடாது. இந்த இரண்டையும் பிரித்தறியத்தான் படிப்பு வேண்டும். அந்தப் பிழைகளைக் கண்டுபிடித்துப் பட்டியல் போடுவது வாசகிகளுக்குப் பாதி இன்பம். திருத்திக் கொடுத்தால் சண்டைக்கு வருவார்கள்.

கதைகள் எல்லாம் ரத்தினம் என்று நான் சொல்லவரவில்லை. பின்னாளில் எழுதியவை ஒன்றைப் போலவே இன்னொன்று. பாறையிலிருந்து சறுக்காத மாணவி குறைவு. ஜோ பக்கத்தில் உட்கார்ந்து பாடினால் சாகக்கிடக்கிறவர்களும் கண் திறப்பார்கள். வேலைக்காரர்கள் என்றால் விசுவாசம் மட்டுமே தெரிந்தவர்கள். ஆனால் 1940-இல் வந்த 'தி சாலே ஸ்கூல் இன் எக்ஸைல்' புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கிவிட்டான். பக்கத்து ஊரில் வயதான யூத நகைக்கடைக்காரரைக் கும்பல் அடித்துத் துரத்துகிறது. ஜோவும் மாணவிகளும் குறுக்கே பாய்கிறார்கள். பாதிரியார் ஒருவர் அவர்களைத் தேவாலயத்தின் ரகசிய வழியில் தப்பவிட, நாட்டுப்புற உடையில் மலையேறி சுவிட்சர்லாந்து போய்ச் சேர்கிறார்கள். லண்டனில் குண்டு விழுந்த அதே வருஷம், எதிரி நாட்டு மக்கள் எல்லோரும் எதிரிகள் அல்ல என்று சிறுமிகளுக்கான புத்தகத்தில் எழுத ஒரு தைரியம் வேண்டும். அதற்கு முந்தைய பதிமூன்று பதினாலு புத்தகங்களில் அந்த ஏரிக்கரையில் உட்கார்ந்து கேக் தின்றிருந்தால்தான் அந்த இழப்பு உறைக்கும். காபியை வெட்டினால் போச்சு என்று நான் சொல்வது அதனால்தான்.

மறுபதிப்பிலும் ஒரு வினோதம் உண்டு. சிறு பதிப்பகம், கிடங்கு வாடகை கட்டுப்படியாகாது. அதனால் கொஞ்சமாக அடிப்பார்கள், தீர்ந்தால் தீர்ந்ததுதான். அரிய புத்தகம் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று போட்ட பதிப்பு, சில வருஷத்தில் தானே அரிய புத்தகமாகி, பழைய புத்தகச் சந்தையில் அட்டை விலையைப் போல் பல மடங்குக்கு ஏறிவிடும். நான் ஒன்று தேடினேன். விற்பவர் சொன்ன விலைக்கு நல்ல காஞ்சிப் பட்டாக ஒன்று எடுத்துவிடலாம். வேண்டாம் என்று விட்டுவிட்டு, இரண்டு ராத்திரி தூக்கம் வராமல், மூன்றாம் நாள் திரும்பக் கேட்டேன். போய்விட்டது.

ஜென்பாக் என்ற ஊரிலிருந்து ஆகென்ஸே ஏரிக்கு, 1889 முதல் ஓடும் நீராவிப் பல்சக்கர ரயில் ஒன்று இருக்கிறது. கதையில் பிள்ளைகள் பள்ளிக்கு வருவதும் அந்த மாதிரி ரயிலில்தான். அதில் ஏறிப் போய், படகில் பெர்ட்டிஸாவில் இறங்கி, கையில் புத்தகத்தோடு, அங்கே என்றைக்குமே இருந்திராத பள்ளிக்கூடம் எந்தத் திருப்பத்தில் இருந்திருக்கும் என்று தேடுகிற பெண்கள் வருஷாவருஷம் வருகிறார்கள். எழுத்தாளர் நினைவாக ஊரில் ஒரு பலகையும் வைத்திருக்கிறார்கள். தேடி முடித்தவர்கள் ஏரியைப் பார்த்த கடை ஒன்றில் உட்கார்ந்து, கேக்கும் காபியும் சொல்கிறார்கள். ஜெர்மனில்.