பெட்டி வீட்டில், திறவுகோல் வெளியில்: அந்தமான் தீவுகளில் தொலைக்காட்சிப் பதிவு

வீடியோ கேசட் பதிவுக் கருவி, டிவிடி பதிவுக் கருவி, கணினியில் செருகும் டிவி டியூனர் அட்டை ஆகிய மூன்றும் எந்தப் பழுதும் ஏற்படாமலேயே, சட்டத்தில் நிகழ்ந்த ஒரு மாற்றத்தின் விளைவாக, கேபிள் கம்பியிலிருந்து நேராகப் பதிவு செய்யும் திறனை இழந்தன. 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி வலையமைப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2011இல் திருத்தப்பட்டபோது, கேபிளில் செல்லும் ஒளிபரப்பு முழுவதும் எண்முறைக்கு மாற வேண்டும், அதுவும் பூட்டிய வடிவில்தான் வீடுகளைச் சென்றடைய வேண்டும் என்று விதிக்கப்பட்டு, சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 2012இல் தொடங்கி நாடு முழுவதும் நான்கு கட்டங்களாக அது நடைமுறைக்கு வந்தது. நகராட்சிப் பகுதி என்பதால் அந்தமானின் போர்ட் பிளேர், அதாவது 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம் என வழங்கப்படும் நகரம், மூன்றாம் கட்டத்தில் அடங்கியது. அதற்கு விதிக்கப்பட்டிருந்த 2015 டிசம்பர் 31 என்ற கெடு, வழக்குகளும் செட்டாப் பெட்டித் தட்டுப்பாடும் குறுக்கிட்டதால் 2017 ஜனவரி 31 வரை நீட்டிக்கப்பட்டது. தீவுகளின் ஊரகப் பகுதிகள் நான்காம் கட்டத்தில் சேர்ந்தன; அவற்றுக்குரிய கெடு 2017 மார்ச் 31.

இந்த மாற்றத்தால் நேர்ந்த இழப்பைப் புரிந்துகொள்ளப் பழைய முறையின் இயல்பை முதலில் அறிய வேண்டும். ஒப்புமை முறை எனப்படும் அதில், ஒவ்வோர் அலைவரிசையும் தனக்கென ஓர் அதிர்வெண்ணில், பெரும்பாலும் எந்தப் பூட்டும் இன்றிக் கம்பியில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த அதிர்வெண்ணைப் பிடித்துத் தரும் டியூனர் என்னும் உறுப்பு எந்தக் கருவியில் இருந்தாலும் அதில் படம் தெரியும். ஊர்வழக்கில் ‘டெக்’ என்று சொல்லப்பட்ட வீடியோ பதிவுக் கருவிக்குத் தனி டியூனர் இருந்ததால், வீட்டார் ஒரு தொடரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வேறோர் அலைவரிசையின் படத்தை நாடாவில் ஏற்ற முடிந்தது. அந்த வீட்டில் எத்தனை கருவிகள் இருக்கின்றன என்பதைக் கேபிள்காரர் அறிந்திருக்க வேண்டிய தேவையே எழவில்லை. இதே தாராளம்தான் இணைப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டுவதற்கும் இடம்கொடுத்தது என்பதால், எண்முறைக்கு மாற அரசு சொன்ன காரணத்தில் நியாயம் இருந்தது. ஆனால் கட்டணக் கசிவை அடைக்கப் போட்ட பூட்டு, கட்டணத்தை ஒழுங்காகச் செலுத்தி வந்தவரின் பதிவுக் கருவியையும் சேர்த்தே அடைத்துவிட்டது என்பதைப் பற்றி அன்று போதிய பேச்சு எழவில்லை.

அந்தப் பூட்டு நிபந்தனை அணுகல் முறை என்று அழைக்கப்படுகிறது. கேபிள் நடத்துநரின் தலைமுனை நிலையம், அதாவது செயற்கைக்கோள்களிலிருந்து அலைவரிசைகளைத் திரட்டிக் கம்பியில் ஏற்றும் இடம், ஒவ்வோர் அலைவரிசையின் தரவையும் கலைத்து அனுப்புகிறது. கலைந்ததை மீண்டும் கோக்கத் தேவையான கட்டுப்பாட்டுச் சொல் என்னும் எண், சில நொடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே, அதுவும் மறைகுறியாக்கப்பட்டு, அதே கம்பியில் கூடவே வருகிறது. செட்டாப் பெட்டிக்குள் இருக்கும் அட்டையோ சில்லோ, சந்தாதாரர் அந்த அலைவரிசைக்குப் பணம் கட்டியிருக்கிறாரா என்று தலைமுனையிலிருந்து வரும் அனுமதிச் செய்தியைக் கொண்டு சரிபார்த்த பிறகே, அந்த எண்ணை விடுவிக்கும். பூட்டைச் செய்து தரும் நிறுவனங்கள் பல இருப்பதாலும், ஒவ்வொரு நடத்துநரும் அவற்றுள் தாம் தேர்ந்த ஒன்றையே பெட்டிக்குள் பதித்துத் தருவதாலும், ஒருவரின் பெட்டி இன்னொருவரின் கம்பியில் வெறும் தகரக் கூடாக நிற்கிறது. டியூனர் மட்டும் உள்ள பழைய டெக்கின் நிலையைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

டெக்கையோ டிவிடி பதிவுக் கருவியையோ கைவிட மனமில்லாதவருக்கு எஞ்சிய ஒரே வழி பெட்டியின் பின்புறம் இருக்கும் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் துளைகள்தாம்: மஞ்சளில் படமும், மற்ற இரண்டில் ஒலியும் பூட்டு நீங்கிய ஒப்புமை வடிவில் வெளியேறுகின்றன. மூன்று வண்ண வயரால் அவற்றைப் பதிவுக் கருவியின் உள்வாங்கு துளைகளோடு இணைத்து, கருவியை ஏவி என்னும் நிலையில் வைத்தால் பதிவு நடக்கும். ஆயினும் டியூனர் வேலையைப் பெட்டியே செய்வதால், பதிவாகும் அலைவரிசையைத்தான் அந்த நேரத்தில் வீடும் பார்க்க முடியும். நேரம் குறித்துவைத்துப் பதிவு செய்வதும் இரண்டு இடங்களில் செய்ய வேண்டிய வேலையாகிவிட்டது. இரவு பத்து மணிக்கு ஒரு கச்சேரியைப் பதிய வேண்டுமானால், பதிவுக் கருவியில் நேரம் குறித்துவைப்பதோடு, பெட்டியை முன்னதாகவே உரிய அலைவரிசையில் நிறுத்திவைக்கவும், நெடுநேரம் ரிமோட் தொடப்படாவிட்டால் தானே உறங்கிவிடும் அமைப்பு அதில் இருந்தால் அதை நீக்கிவைக்கவும் வேண்டும். இடையில் ஒருமுறை மின்சாரம் போய் வந்தால் போதும், பெட்டி மீண்டும் எழும்போது தன் முகப்பு அலைவரிசையில் போய் நின்றுகொள்ளும்; பதிவுக் கருவியோ தனக்கு இட்ட கட்டளைப்படி இரண்டு மணி நேரம் அங்கு ஓடும் விளம்பரத்தையே உண்மையாகப் பதிந்து வைத்திருக்கும்.

கேபிள் நடத்துநர்களும், செயற்கைக்கோளிலிருந்து வீட்டுக்கு நேராக ஒளிபரப்பும் டிடிஎச் நிறுவனங்களும் பதிவு வசதியைத் தாமே தராமல் இல்லை. உள்ளேயே ஹார்டு டிஸ்க் பொருத்திய பெட்டிகள் இந்தியாவில் 2008 வாக்கில் விற்பனைக்கு வந்தன. பின்னர் யுஎஸ்பி துளையில் பென்டிரைவ் செருகிப் பதியும் மலிவான பெட்டிகளும் பரவின. இவற்றில் பதிவாகும் கோப்பு பெரும்பாலும் அந்தப் பெட்டியின் அடையாளத்தோடு பிணைத்துப் பூட்டப்படுவதால், அதே பென்டிரைவைக் கணினியிலோ பக்கத்து வீட்டுப் பெட்டியிலோ செருகினால் படம் விரியாது. சந்தா நின்றாலோ, பெட்டி பழுதாகிப் புதிது மாற்றித் தரப்பட்டாலோ, பதிந்து வைத்தவை கையில் இருந்தும் இல்லாதவையாகின்றன. முழு விலை கொடுத்துப் பெட்டியை வாங்கும் உரிமையைச் சந்தாதாரருக்கு ஒழுங்குமுறை விதிகள் அளிக்கின்றன என்றாலும், விலைக்கு வாங்கிய பின்னும் அந்தப் பெட்டி நடத்துநர் அனுமதிச் செய்தி அனுப்பும் நாள்வரைதான் தொலைக்காட்சிப் பெட்டியாக இயங்கும். உடைமை என்ற சொல்லின் பொருள் இவ்வளவு சுருங்கிப்போவது நுகர்வோர் ஏற்க வேண்டிய நிலை அன்று.

இந்தச் சுருக்கம் தீவுகளில் கூடுதலாக வலிக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 3.8 இலட்சம் மக்கள் வாழும் அந்தமான் நிக்கோபார் தீவுகளில் ஏறக்குறைய 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். அவர்களுள் 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிக் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டவர்களின் குடும்பங்களும் அடங்கும். சென்னையிலிருந்து கப்பல் வந்து சேர மூன்று நாளளவு ஆகும் இடத்தில், தமிழ் நிகழ்ச்சி ஒன்றைத் தவறவிட்டவருக்கு அதை மீண்டும் காண்பதற்கான வழிகள் நெடுங்காலம் மிகக் குறைவாகவே இருந்தன. தூர்தர்ஷனின் இலவச டிடிஎச் சேவை 2004 டிசம்பரில் தொடங்கப்பட்டபோது, சிறு டிஷ் கிண்ணத்தில் பிடிக்கக்கூடிய கேயு என்னும் அதிர்வெண் பட்டையின் செயற்கைக்கோள் கற்றை இத்தீவுகளை எட்டவில்லை. அதனால் இங்கு சி பட்டையில், பெரிய கிண்ணம் வேண்டுகிற தனிச் சேவை ஒன்று சில அலைவரிசைகளோடு பின்னர் ஏற்படுத்தப்பட்டது. சி பட்டையின் அலைநீளம் ஏறத்தாழ 7.5 சென்டிமீட்டர், கேயு பட்டையினுடையது ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் என்பதால், மழைத்துளிகள் பின்னதை மிகுதியாக விழுங்கிவிடுகின்றன. இரண்டு பருவமழைகளையும் பெறும் நிலத்தில் இந்த வேறுபாடு அடைமழை மாலைகளில் திரையிலேயே தெரியும்.

இணையமும் நெடுங்காலம் கைகொடுக்கும் நிலையில் இருக்கவில்லை. 2018 டிசம்பர் 30இல் அடிக்கல் நாட்டப்பட்டு 2020 ஆகஸ்ட் 10இல் தொடங்கிவைக்கப்பட்ட சென்னை - அந்தமான் நிக்கோபார் கடலடிக் கண்ணாடியிழை வடம் வரும்வரை, தீவுகளின் இணையப் போக்குவரத்து செயற்கைக்கோளின் குறுகிய வழியையே நம்பியிருந்தது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த வடம் போர்ட் பிளேரோடு ஸ்வராஜ் தீவு, லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார், லாங் தீவு, ரங்கத் ஆகிய இடங்களிலும் கரையேறியது. கச்சால் அப்பட்டியலில் இல்லை. வடம் வந்த பின் தொடர்களையும் படங்களையும் செயலியில் நினைத்த நேரத்தில் பார்ப்பது எளிதாகியிருக்கிறது என்பது மெய்யே என்றாலும், உரிம ஒப்பந்தம் முடிந்த அன்று செயலியிலிருந்து படம் மறைந்துவிடும். அலமாரியில் இருக்கும் கேசட்டோ யார் சொன்னாலும் மறைவதில்லை.

வீட்டில் பதிவு செய்வது குற்றமோ என்ற ஐயம் பலருக்கு உண்டு. சட்டம் அவர்கள் பக்கமே நிற்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஒளிபரப்பு நிறுவனங்களுக்குத் தனி உரிமை ஒன்றை வழங்கினாலும், பதிவு செய்பவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்காகவோ, நேர்மையான கற்பித்தல் அல்லது ஆய்வுக்காகவோ ஒலி, காட்சிப் பதிவு எடுப்பது அந்த உரிமையை மீறுவதாகாது என்று அதன் 39ஆம் பிரிவு கூறுகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984இல் சோனி நிறுவனத்தின் பீட்டாமேக்ஸ் கருவி பற்றிய வழக்கில், ஐந்துக்கு நான்கு என்ற நூலிழைப் பெரும்பான்மையில் வந்தடைந்த முடிவும் இதற்கு நெருங்கியதே. ஆனால் 2012இல் இந்தியச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதை இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சட்டம் தடுக்காத நோக்கத்துக்காகச் செய்வதற்கு அப்பிரிவிலேயே விலக்கு உண்டு என்றாலும், பூட்டு நீக்கும் கருவிகளைத் தேடிப் போவதற்கு முன் எவரும் இருமுறை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆகவே, பதிவு செய்யும் உரிமையைச் சட்டம் கையில் கொடுத்திருக்க, அதைப் பயன்படுத்தும் வழி நடத்துநரின் பெட்டியைத் தாண்டி இல்லை.

பெட்டியையும் பூட்டையும் பிரித்துவிட்டால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும். 2001இல் வெளியான டிடிஎச் உரிம நெறிமுறைகளிலேயே, ஒரு நிறுவனத்தின் பெட்டி பிற நிறுவனங்களின் சேவைக்கும் பொருந்துமாறு திறந்த கட்டமைப்பில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. அது ஏட்டளவிலேயே தங்கிவிட்டது. டிராய் என்று சுருக்கமாக அழைக்கப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2020 ஏப்ரலில் இதை மீண்டும் எடுத்து, பூட்டைத் திறக்கும் பகுதியை மட்டும் யுஎஸ்பி துளையில் செருகும் சிறு கருவியாகத் தனியே தரலாம், அதற்கான பொது இடைமுகத்தைப் பெட்டிகளில் கட்டாயமாக்கலாம் என்று அரசுக்குப் பரிந்துரைத்தது. பரிந்துரை ஆணையன்று, கடையில் பிடித்த பெட்டியை வாங்கி எந்தக் கேபிளிலும் பொருத்திக்கொள்ளும் காலம் இன்னும் வரவில்லை. அமெரிக்காவின் பட்டறிவு இதில் எச்சரிக்கையாகவும் அமைகிறது. 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் வழியே அங்கு கேபிள்கார்டு என்னும் செருகு அட்டை பிறந்து, மக்கள் தாமே வாங்கிய டீவோ போன்ற பதிவுக் கருவிகள் கேபிளில் இயங்கின. அட்டையைத் தந்து ஆதரிக்க வேண்டும் என்ற விதிகளை அந்நாட்டுக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 2020இல் நீக்கிய பின், பல ஆண்டுகள் பணம் போட்டு அமைத்த கருவிகள் நிறுவனத்தின் விருப்பத்தை நம்பி நிற்பவையாயின.

விதிகள் மாறும்வரை செய்யக்கூடியவை சில உண்டு. புதிய பெட்டி வாங்கும்போது ஏவி துளை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. சிலவற்றில் மூன்று துளைகளுக்குப் பதிலாக ஹெட்போன் துளை போன்ற ஒன்றே இருக்கும், அதற்கு ஒரு முனையிலிருந்து மூன்றாகப் பிரியும் தனி வயர் வேண்டும். எச்டிஎம்ஐ துளையில் வரும் படம் கூர்மையானது என்றாலும், எச்டிசிபி என்னும் நகல் தடுப்பு அதனுடன் வருவதால் சாதாரணப் பதிவுக் கருவிகள் அதை ஏற்பதில்லை. மஞ்சள் துளையின் படத்தை யுஎஸ்பி பதிவான் என்னும் விலை குறைந்த சிறு கருவியின் வழியே கணினியில் ஏற்றலாம். நொடிக்கு 5 மெகாபிட் என்ற வேகத்தில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2.25 ஜிகாபைட் இடம் பிடிக்கும். பூட்டின்றி வரும் இலவச அலைவரிசைகளுக்கு, கிண்ணத்தோடு இணைத்த பொதுச் செயற்கைக்கோள் அலைவாங்கி ஒன்றே போதும். அதில் பதிவாகும் கோப்பு பொதுவாக எந்தக் கணினியிலும் திறக்கும். பெட்டியை மாற்றவோ சந்தாவை நிறுத்தவோ முடிவு செய்பவர், அதற்கு முன்பே உள்ளிருக்கும் பதிவுகளை ஓடவிட்டு, வெளித் துளை வழியே நகலெடுத்துக்கொள்வதுதான் மிக முக்கியம்; சந்தா நின்ற பிறகு அதைச் செய்ய முடியாமல் போகலாம்.

கேபிளுக்கு உதவாமல் போன பழைய டெக்கையும் தூக்கி எறிந்துவிட வேண்டாம். உலகின் கடைசி வீடியோ கேசட் பதிவுக் கருவி உற்பத்தியாளரான ஜப்பானின் ஃபூனாய் நிறுவனம் 2016 ஜூலையில் தயாரிப்பை நிறுத்திவிட்டதால், இயங்கும் நிலையில் எஞ்சியிருப்பவை தேய்ந்துகொண்டே போகின்றன. திருமணங்களும், ஸ்ரீ விஜயபுரத்து வெற்றிமலை முருகன் கோயிலின் பங்குனி உத்திரங்களும், 2004 ஆழிப்பேரலைக்கு முந்தைய கரைகளும் பதிவான நாடாக்களை அதே மஞ்சள் வயர் வழியாகக் கணினிக்கு மாற்ற, ஓடுகிற டெக் ஒன்று இன்றியமையாதது. உப்புக் காற்றும் ஈரமும் மிகுந்த தீவு வீடுகளில் நாடாச் சுருளின் விளிம்பில் வெண்பூஞ்சை படர்வது வழக்கம். அப்படிப் படர்ந்த நாடாவை அப்படியே செருகினால் கருவியின் தலைப்பகுதியில் பூஞ்சை ஒட்டி, அடுத்து வரும் நல்ல நாடாக்களையும் கெடுக்கும் என்பதால், பூஞ்சை காணாத நாடாக்களை முதலில் மாற்றி முடித்துவிட்டு, பூஞ்சை பிடித்தவற்றைத் துப்புரவு செய்யத் தெரிந்த பழுது நீக்குநரிடம் கொடுக்க வேண்டும்.