வல்லம் மேட்டிலிருந்து லே வரை

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், அவசரமாகச் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு காரிலேயே லடாக் போய்வர ஆசைப்படுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். அவர்கள் முதலில் கேட்பது வண்டியைப் பற்றி. ஏறுமா, டயர் தாங்குமா, கொண்டை ஊசி வளைவில் ஓட்ட முடியுமா? எனக்குக் கவலை வளைவைப் பற்றி இல்லை, உயரத்தைப் பற்றி. தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர்கூட உயரம் கிடையாது. நமக்கு மேடு என்றால் வல்லம்தான். லே நகரம் இருப்பது 3,500 மீட்டரில்.

அங்கே காற்றில் ஆக்ஸிஜன் இல்லை என்பார்கள். அது சரியில்லை. இங்கேயும் 21 சதவீதம், அங்கேயும் 21 சதவீதம். குறைவது காற்றின் அழுத்தம். களத்தில் வைக்கோல் போரைப் பாருங்கள். அடியில் இருப்பது மேல்பாரத்தில் அமுங்கி இறுகிக் கிடக்கும், உச்சியில் இருப்பது தளர்ந்திருக்கும். நாம் போரின் அடியில் குடியிருக்கிறவர்கள். லேயில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் இங்கே கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். 5,300 மீட்டர் கணவாயில் பாதி.

உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் நாள் கேட்கும். நாள் கொடுக்காவிட்டால் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை என்று தொடங்கும். அந்த நிலையில் மேலே ஏறவே கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, அது ராத்திரியானாலும் உடனே கீழே இறங்க வேண்டும். நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிரையே வாங்கிவிடும். தினமும் ஓடுகிற வாலிபனுக்கும் இது வரும், உடற்பயிற்சி இதைத் தடுப்பதில்லை. கைக்குழந்தைக்குத் தலைவலி என்று சொல்லத் தெரியாது என்பதால் மிகச் சிறிய பிள்ளைகளை அழைத்துப்போக வேண்டாம் என்பது என் முடிவான கருத்து. இதய நோய், ஆஸ்துமா உள்ள பெரியவர்கள் டாக்டரைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. உயரத்துக்குப் பழக உதவும் டயமாக்ஸ் மாத்திரையும் அவர் சொன்னால்தான்.

சரி, எந்த வழி? 3,000 மீட்டருக்கு மேலே போனபிறகு, படுக்கிற இடத்தின் உயரம் ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பகலில் உயரமான கணவாயைக் கடந்து இறங்கிவிடலாம், படுக்கை தாழ்வாக இருக்க வேண்டும். மணாலி வழியில் இந்தக் கணக்கு உதைக்கிறது. மணாலி 2,000 மீட்டர். 2020 அக்டோபரில் 9 கிலோமீட்டர் அடல் சுரங்கம் திறந்தபிறகு ரோதாங் கணவாய் ஏற்றம் மிச்சம், அதனாலேயே வேகமாக மேலே போய்விடுகிறோம். பலர் நடுவில் கூடாரம் போட்டுத் தங்கும் சர்ச்சு 4,200 மீட்டருக்கும் மேலே. அங்கே விடிய விடியத் தூங்காமல் கிடந்தவர்கள் அநேகம்.

ஸ்ரீநகர் வழி பொறுமையாக ஏறுகிறது. கரூர் போய் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்து, பரமத்தி வேலூர் பாலத்தில் காவிரியைக் கடந்தால், நாக்பூர், டெல்லி, ஜம்மு என்று அதே எண் ஸ்ரீநகர் வரை கொண்டுபோய் விடும். ஸ்ரீநகர் 1,600 மீட்டர். சோனாமார்க்கில் 2,700. அடுத்த நாள் 3,500 மீட்டர் ஜோஜி லா கணவாயைக் கடந்து த்ராஸ் வழியாகக் கார்கில் வந்தால் மறுபடி 2,700தான். அங்கிருந்து ஒரே ஓட்டமாக லே போய்விடாமல் 3,100 மீட்டர் ஆல்ச்சியில் ஒரு ராத்திரி தங்குங்கள். பெரிய கோயில் சோழர் ஓவியங்களுக்கு ஓரிரு நூற்றாண்டுக்குள் வரையப்பட்ட சுவரோவியங்கள் அந்தச் சிறிய மடாலயத்தில் இருக்கின்றன. மறுநாள் லே. ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும்: 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு, காஷ்மீர் நிலவரத்தை விசாரிக்காமல் யாரும் கிளம்பக் கூடாது.

மாதமும் இதே வழியைத்தான் காட்டுகிறது. சம்பா, தாளடி அறுத்து, உளுந்து பயறும் எடுத்து, வழக்கப்படி ஜூன் 12 மேட்டூர் திறப்பதற்கு முன் நமக்கு ஓய்வென்றால் மே மாதம்தான். பள்ளிக்கூடமும் லீவு. மணாலி சாலை மே மாதம் திறந்திருக்கும் என்று நம்பிப் போக முடியாது, ஜோஜி லா பொதுவாக முன்னதாகவே திறந்துவிடும். திரும்பும்போது மணாலி சாலை திறந்திருந்தால் அப்படியே இறங்கலாம், லேயில் பழகிய உடம்பு தாங்கும்.

வண்டிக்கு இரண்டே சொல். ரேடியேட்டரில் நாம் குழாய்த் தண்ணீர் ஊற்றும் பழக்கம் அங்கே ஆகாது, ராத்திரிக் குளிரில் உறைந்துவிடும். உறையாத கூலண்ட் போடுங்கள். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் சின்ன கியரில் இறங்குங்கள். போனுக்கும் ஒன்று: வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, வீட்டில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்கட்டும்.

குக்கரை மறக்காதீர்கள். அழுத்தம் குறைந்த இடத்தில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், லேயில் சுமார் 88 டிகிரியில். அதற்கு மேல் சூடு ஏறாது. திறந்த பாத்திரத்தில் பொன்னி அரிசி எவ்வளவு நேரம் கொதித்தாலும் நடுவில் நறுக்கென்று நிற்கும், துவரம்பருப்பு கேட்கவே வேண்டாம். மூடிய குக்கரில் அழுத்தம் கூடுவதால் சோறு வேகிறது. லடாக்கியர் வழி வேறு: பார்லியை முதலில் வறுத்து மாவாக்கிவிடுவார்கள். அந்த சம்பா மாவை (பெயர்தான் ஒன்று, நம் நெல் இல்லை) வெண்ணெய் டீயில் பிசைந்தால் சாப்பாடு.

லே சேர்ந்ததும் இரண்டு நாள் எங்கேயும் ஏறாமல் இருங்கள். கர்துங் லா கணவாயை மூன்றாம் நாளுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். அந்த இரண்டு நாளில் பக்கத்து ஊர் வயல்களில் மெதுவாக நடந்து வரலாம். ஆண்டு மழை அங்கே 100 மில்லிமீட்டர் அளவுதான், தஞ்சாவூரில் ஆயிரத்தை ஒட்டி. பனி உருகிய தண்ணீரை வாய்க்காலில் கொண்டுவந்து பார்லி விளைவிக்கிறார்கள். முறைவைத்துத் தண்ணீர் பிரித்துவிட ஊர் ஒருவரை அமர்த்துகிறது, அவருக்குச் சுர்பொன் என்று பெயர். மே மாதம் அவர்களுக்கு விதைப்பு, ஆனால் உயரத்துப் பனிப்பாறை தாமதமாகத்தான் உருகும். இதற்காகவே செவாங் நோர்பெல் என்ற பொறியாளர் 1987இலிருந்து ஊருக்குப் பக்கத்திலேயே குளிர்காலத் தண்ணீரைத் தேக்கி உறையவைத்து, செயற்கைப் பனிப்பாறைகள் கட்டினார். தாழ்வான இடத்துப் பனி முன்னதாக உருகி விதைப்புக்கு உதவுகிறது. மேட்டூர் எப்போது திறக்கும் என்று பேப்பர் பார்த்துக் காத்திருக்கும் நம் ஆட்கள், அங்கே தங்கும் வீட்டுக்காரரிடம் கேட்டு அந்த ஊர்ச் சுர்பொன்னைப் பார்த்துப் பேசுங்கள். பேச நிறைய இருக்கும்.