சீலிங்குக்கு வர்ணம் அடித்தால் தோள் ஏன் வலிக்கிறது?

மண்ணூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் முன்னறைக்கு, ஒரு பொங்கலுக்கு முன், நானே வர்ணம் அடிப்பதென்று துணிந்தேன். சுவர்கள் நான்கும் ஒரே நாளில் முடிந்தன. மறுநாள் சீலிங். ஸ்டூல் ஒன்றைப் போட்டு, நான்கு அங்குலப் பிரஷ்ஷுடன் ஏறினேன். பத்து நிமிடத்தில் தோள் கனத்தது. அரை மணியில் விரல்கள் மரத்தன. மாலையில் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. திங்கட்கிழமை கல்லூரியில் கரும்பலகையின் மேல்வரியை எழுதக் கை எழவில்லை. காரணத்தைக் கேட்ட மாணவர் ஒருவர், “கையைத் தூக்கியே வைத்திருந்தீர்கள். விசை உண்டு, இடப்பெயர்ச்சி இல்லை. அப்படியானால் வேலை பூஜ்யம்தானே, சார்?” என்றார்.

கேலியானாலும் நல்ல கேள்வி. மேசைமீது புத்தகத்தை வைத்தால் மேசை அதை ஆண்டுக்கணக்கில் தாங்கும். அதற்கு உணவு வேண்டாம். தசை மேசையன்று. தசைக்குள் மயோசின், ஆக்டின் என்னும் இருவகைப் புரத இழைகள் ஒன்றையொன்று பற்றுவதும் விடுவதுமாக இருக்கின்றன. ஒவ்வொரு பற்றுதலுக்கும் ஆற்றல் செலவாகிறது. கை அசையாமல் நின்றாலும் உள்ளே இந்த இழுபறி ஓய்வதில்லை. எனவே வெளியே நாம் அளக்கும் வேலை பூஜ்யம். உள்ளே ஆகும் செலவு பூஜ்யமன்று.

எவ்வளவு விசை என்று கணக்கிட்டுப் பார்ப்போமா? 60 கிலோ எடையுள்ளவரின் ஒரு கை ஏறத்தாழ 3 கிலோ இருக்கும். கையை முன்னால் நீட்டினால் அதன் ஈர்ப்பு மையம் தோள் மூட்டிலிருந்து சுமார் 30 செ.மீ. தள்ளி நிற்கிறது. அதைத் தூக்கிப் பிடிக்கும் தோள் தசையோ மூட்டிலிருந்து 3 செ.மீ. தொலைவில்தான் இழுக்கிறது. திருப்புத்திறன்கள் சமமாக வேண்டுமானால் தசை 30 கிலோ எடைக்குச் சமமாக இழுத்தாக வேண்டும். வெறும் கைக்கே இது! இப்போது, வர்ணம் தோய்ந்த அரைக்கிலோ பிரஷ்ஷை 60 செ.மீ. தொலைவில் பிடியுங்கள். தசையின் பங்கில் இன்னும் 10 கிலோ ஏறுகிறது. “அரைக்கிலோதானே” என்று ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

கையைச் செங்குத்தாக உயர்த்தினால் இந்தத் திருப்புத்திறன் வெகுவாகக் குறையும் என்று உங்களுள் சிலர் சொல்வீர்கள். சரிதான். ஆனால் அப்போது வேறொரு தொல்லை வருகிறது. கை இதயத்துக்கு மேலே 60 செ.மீ. உயரத்தில் இருந்தால், அந்த உயர இரத்தத் தம்பத்தின் அழுத்தம் ஏறத்தாழ 47 மி.மீ. பாதரசம். இதயத்தின் மட்டத்தில் சராசரி இரத்த அழுத்தம் 95 மி.மீ. என்று கொண்டால், விரல்களுக்குச் செல்வது அதில் பாதிதான். இறுகிய தசையும் தனக்குள் ஓடும் இரத்தக்குழாய்களை நெரிக்கிறது. 1960-இல் ஜெர்மானிய ஆய்வாளர் ரோமெர்ட், ஒரு தசையை அதன் முழு வலிமையில் பாதியளவுக்கு இறுக்கிப் பிடித்தால் ஏறத்தாழ ஒரு நிமிடமே தாங்கும் என்று காட்டினார். விரல்கள் மரத்ததில் வியப்பென்ன?

மூன்றாவது தொல்லை கழுத்து. ஐந்து கிலோவை ஒட்டிய தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டே நிற்கிறோம். 1508 முதல் 1512 வரை ரோமாபுரியில் சிஸ்டைன் ஆலயத்தின் விதானத்தில் ஓவியம் தீட்டிய மைக்கெலாஞ்சலோ, உடம்பு கோணியதையும் முகத்தில் வர்ணம் சொட்டியதையும் நண்பருக்குப் பாட்டாகவே எழுதியனுப்பினார். அவர் மல்லாந்து படுத்து வரைந்தார் என்பது பரவலான கதை. நின்றுகொண்டு வரையும் தம்மையே அவர் சிறு படமாகப் போட்டும் வைத்திருக்கிறார். நம் சித்தன்னவாசல் விதானத்தில் தாமரைக் குளத்தைத் தீட்டியவர்கள் என்ன பட்டார்களோ, எழுதி வைக்கவில்லை.

எங்கள் ஊரைச் சுற்றியுள்ள ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் கார்த் தொழிற்சாலைகள் பல. காரின் அடிப்பக்கத்தில் மரை முடுக்குபவருக்கும் இதே கதிதான், அதுவும் நாள் முழுதும். ஆகவே பல நாடுகளின் தொழிற்சாலைகளில் வண்டியையே பக்கவாட்டில் சாய்த்துத் தொங்கவிடுகிறார்கள். தொழிலாளியின் கை நெஞ்சுக்கு எதிரே நின்றுவிடுகிறது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் உற்பத்தி தொடங்கிய ஹூண்டாயின் கொரியத் தலைமை நிறுவனம், 2019-இல் ஒரு தோள்சட்டையை அறிமுகப்படுத்தியது. எடை 2.5 கிலோ. மோட்டார் இல்லை, பாட்டரி இல்லை. சுருள்வில்கள்தாம் கையைக் கீழிருந்து தாங்குகின்றன.

வீட்டுக் கூரையைச் சாய்க்க முடியாது. சுருள்வில் சட்டை வாங்கவும் வழியில்லை. எங்கள் தெருவில் வெள்ளையடிக்கும் பெரியவர் ஒருவர் என் கதையைக் கேட்டு, “நீங்க ஏன் சார் மேலே ஏறினீங்க? மட்டையில்ல மேலே போகணும்” என்றார். அவர் மட்டையை மூங்கிலில் கட்டித் தரையில் நின்றே அடிப்பவர். இயற்பியல் படித்த எனக்கு இது தோன்றாமற்போனது சற்று வெட்கந்தான்!

அடுத்த அறைக்கு 2.25 மீட்டர்க் கம்பும் ரோலரும் எடுத்துக்கொண்டேன். கம்பு 800 கிராம், ஈர ரோலர் 700 கிராம். ஒரு கை இடுப்பருகே கம்பின் நுனியில். மறுகை அரை மீட்டர் மேலே, மார்புக்கு எதிரே. இரு கைகளும் இதயத்தின் உயரத்தைத் தாண்டுவதில்லை. கம்பு செங்குத்தாக இருந்தால் சுமை மொத்தமும் ஒன்றரைக் கிலோதான். ஆனால் அப்படி நின்றால் தலை முழுதும் அண்ணாந்துவிடும், சொட்டும் முகத்தில் விழும். தள்ளி நிற்கலாமென்றால் கம்பு சாய்கிறது. திருப்புத்திறன் திரும்ப வந்துவிடுகிறது. ரோலர் 1.5 மீட்டர் முன்னே இருந்தால், கம்பு சாய்ந்து விழாமல் தடுக்க மட்டும் மேல்கை 3.3 கிலோ விசை தர வேண்டும், 0.9 மீட்டர் என்றால் 2 கிலோ போதும். கழுத்து சாய்வைக் கேட்கிறது, கை செங்குத்தைக் கேட்கிறது. நான் கண்ட சமரசம் 0.9 மீட்டர், அதாவது மூன்றடி. 3 மீட்டர் உயரச் சீலிங்கை அங்கிருந்து பார்க்க 60 பாகை நோக்கினால் போதும். அதில் ஏறத்தாழப் பாதியைக் கண்விழிகளே பார்த்துக்கொள்ளும். ரோலரை ஓட்டுவதற்கும் கையை நீட்டி மடக்க வேண்டாம். முன்னும் பின்னும் இரண்டடி நடந்தால் கால்களின் பெரிய தசைகள் அந்தப் பொறுப்பை ஏற்கும்.

1940-இல் டொராண்டோவில் நார்மன் பிரேக்கி உருவாக்கிய ரோலரில் இன்னொரு நன்மையும் உண்டு. அதன் பஞ்சுமயிர்களின் இடுக்குகளில் வர்ணம் நுண்புழைக் கவர்ச்சியால் தங்குவதால், பிரஷ்ஷைப்போல் முழங்கைவரை வழிவதில்லை. அழுத்தித் தேய்த்தால் பிழிந்து சொட்டும். மேல்கையின் சுமையும் ஏறும். ரோலர் காய்ந்தால் மீண்டும் தோய்ப்பதே மலிவு.

சுண்ணாம்பு அடிப்பவர்கள் ஒன்றை மறக்கலாகாது. அது கடுமையான காரம். ஒரு துளி கண்ணில் விழுந்தாலும் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி அணியுங்கள். விழுந்துவிட்டால் கண்ணைக் கசக்காமல், கால்மணி நேரமாவது ஓடும் நீரில் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

சுவரும் சீலிங்கும் சேரும் ஓரங்களுக்கும் மின்விசிறிக் கொக்கியைச் சுற்றியும் கம்பு உதவாது. அங்கே ஸ்டூலும் சிறு பிரஷ்ஷுந்தான். ஆடாத ஸ்டூலாகப் பார்த்து, ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, நிமிடத்துக்கு ஒருமுறை கையைத் தொங்கவிட்டு அடித்தேன். முக்கால் மணி ஆயிற்று. மறுநாள் கரும்பலகையின் மேல்வரியில் நான் எழுதியது, தசையின் ஆற்றல் கணக்கு.