ரஷ்யாவில் பிறந்த ஜேர்மனியர்: பழைய குடிசன மதிப்பீட்டில் ஒரு தேடல்

பிறந்த நாடு எது என்று கேட்கும் கட்டத்தில் நாம் இலங்கை என்று எழுதுகிறோம். அதற்கு மேல் எழுத அங்கே இடமில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இதே அமெரிக்காவில் இதே சிக்கலோடு இன்னொரு மக்கள் கூட்டம் இருந்தது. அவர்கள் ரஷ்யாவிலிருந்து வந்த ஜேர்மனியர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வேர் தேடும் விதம் எமக்கும் பயன்படும்.

1763 இல் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கத்தரீன் விடுத்த அழைப்பை ஏற்று, ஜேர்மன் விவசாயிகள் வொல்கா நதிக்கரையில் குடியேறினர். பின்னர் கருங்கடல் ஓரத்திலும் ஊர்கள் எழுந்தன. ஒரு நூற்றாண்டு கழித்து, கொடுத்த சலுகைகளை அரசு பறித்தது. 1874 இல் கட்டாய இராணுவ சேவையும் வந்தது. பலர் கப்பலேறி கன்சாஸ், நெப்ராஸ்கா, டகோட்டா பகுதிகளுக்கு வந்தனர். பே ஏரியாவில் வசிக்கும் எம்மவர்களுக்கு அருகிலேயே, லோடையிலும் பிரெஸ்னோவிலும் அவர்களின் சந்ததியினர் இருக்கிறார்கள்.

அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டின் தனிநபர் பதிவுகள் 72 ஆண்டுகள் பூட்டியே இருக்கும். கடைசியாகத் திறக்கப்பட்டது 1950 ஆம் ஆண்டுப் பதிவு. 2022 ஏப்ரல் முதல் அதை எவரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். தேடுபவர்கள் அங்கிருந்து பத்துப் பத்து ஆண்டுகளாகப் பின்னோக்கிப் போகிறார்கள். 1890 இல் மட்டும் பாதை அறுந்துவிடுகிறது. அந்தப் பதிவுகளில் பெரும்பகுதி 1921 இல் வாஷிங்டனில் ஏற்பட்ட தீயிலும் அதன் பின்னரும் அழிந்துபோனது. எமக்கும் ஓர் ஓட்டை உண்டு: இலங்கையில் 1991 இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை, 2001 இல் வடக்கு கிழக்கின் பெரும்பகுதியில் அது முழுமையாக நடக்கவில்லை.

1900 ஆம் ஆண்டுப் பதிவு பிறந்த மாதம், வந்த ஆண்டு, பெற்றோர் பிறந்த நாடு என்று நிறையச் சொல்கிறது. ஆனால் பிறந்த நாடு என்ற இடத்தில் 'ரஷ்யா' என்று மட்டுமே இருக்கும். யூதரும் ஜேர்மனியரும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிப்போனார்கள்.

1910 இல்தான் மாற்றம் வந்தது. பேரரசுகளுக்குள் அடங்கியிருந்த சிறிய இனங்களின் புலம்பெயர்ந்தோர், நாட்டை மட்டும் கேட்டால் எம்மை எப்படி அறிவீர்கள் என்று அழுத்தம் கொடுத்தனர். தாய்மொழியும் கேட்கப்பட வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டபோது படிவங்கள் அச்சாகிவிட்டிருந்தன. அதனால் பிறந்த நாட்டுக் கட்டத்துக்குள்ளேயே 'ரஷ்யா – ஜேர்மன்' என்று நெருக்கி எழுதினார்கள். இன்று ஒரு குடும்பம் தன் மூதாதையை உறுதி செய்வது பெரும்பாலும் அந்த நெருக்கி எழுதிய சொல்லால்தான். 1920 இல் தாய்மொழிக்குத் தனிக் கட்டமே கிடைத்தது.

அடுத்த தலைவலி பெயர். கணக்கெடுப்பாளர் காதில் விழுந்ததை எழுதினார். அதைச் சமாளிக்க ஒலியை வைத்துப் பெயருக்கு எண் கொடுக்கும் சவுண்டெக்ஸ் என்ற முறை உண்டு. ஷ்மிட், ஸ்மித் இரண்டுக்கும் ஒரே குறி: எஸ்-530. எமது சிவராஜாவும் சிவராசாவும் எஸ்-162 இல் ஒன்றாக விழுவார்கள். ஆனால் முதல் எழுத்து மாறினால் முறை கைவிட்டுவிடும். கே-யில் தொடங்கும் 'கோக்' அமெரிக்காவில் சி-யில் 'குக்' ஆனால் கிடைக்கமாட்டார். தர்மலிங்கத்தை அண்ணன் டி-யிலும் தம்பி டீ-எச்-சிலும் எழுதினால் சிக்கலில்லை, டி என்பது ஆங்கிலத்தின் நான்காம் எழுத்தா இருபதாம் எழுத்தா என்பதில்தான் வில்லங்கம். அதோடு அவர்களுக்கு நிலையான குடும்பப் பெயர் இருந்தது. எமக்கோ தகப்பன் பெயரே குடும்பப் பெயர், தலைமுறைக்குத் தலைமுறை மாறும்.

பெயர் கைவிட்ட இடத்தில் அவர்களுக்கு அயலவர் உதவினர். கணக்கெடுப்பாளர் வீடு வீடாகப் போனவர். ஒரே ஊரார் பக்கம் பக்கமாகக் குடியேறியதால், அதே தாளில் அடுத்த வீட்டுக்காரர் யார் என்று பார்த்தே பழைய வொல்கா ஊரைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு. பிறகு தேவாலயப் பதிவேடுகளில் மீதியைத் தேடலாம்.

எமது பிள்ளைகளுக்கு இது அவ்வளவு சுலபமாக இராது. 2020 ஆம் ஆண்டுப் படிவம் பிறந்த நாட்டையும் கேட்கவில்லை, தாய்மொழியையும் கேட்கவில்லை. 'மற்ற ஆசியர்' என்ற இடத்தில் கையால் எழுத ஒரு வரி மட்டும் இருந்தது. அதன் அருகே உதாரணமாக அச்சிட்டிருந்த பெயர்களில் ஒன்று மொங். தமக்கென ஒரு நாடு இல்லாத மக்கள் அவர்கள். அந்த வரியில் 'தமிழ்' என்று எழுதுவதற்குத் தடை எதுவும் இல்லை.

மற்றதை வீட்டிலேயே எழுதி வைக்கவேண்டும். ஊரும் குறிச்சியும், பேரன் பேத்தியின் பெயர்கள், எந்தக் கடவுச்சீட்டில் பெயர் எந்த ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருந்தது, நாட்டை விட்டு எந்த ஆண்டு வெளியேறினோம், இடையில் எந்த நாட்டில் தங்கினோம், ஊரில் பக்கத்து வளவில் யார் இருந்தார்கள் என்பவை முக்கியம். அடுத்த கணக்கெடுப்பு 2030 ஏப்ரலில் வருகிறது. அதன் பதிவுகள் 2102 இல் திறக்கப்படும்.