ஆறு முறை கூண்டேறிய ஒருவர்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் வைனோனா சின்ன ஊர். 1996 ஜூலை 16 காலை, அங்கிருந்த மரச்சாமான் கடை ஒன்றில் உரிமையாளரும் ஊழியர் மூவரும் தலையில் சுடப்பட்டுக் கிடந்தார்கள். ஊழியர்களில் ஒருவனுக்கு வயது 16.

அதே கடையில் சில நாள் வேலை பார்த்து நீக்கப்பட்ட கறுப்பின இளைஞர் மீது சந்தேகம் விழுந்தது. அவர் சுட்டதைப் பார்த்தவர் யாருமில்லை. கைரேகையோ டி.என்.ஏ.வோ அவரைக் காட்டவில்லை. கையில் கிடைத்த வெடிமருந்துத் துகள் ஒன்றே ஒன்று. கடைத் தரையில் ரத்தத்தில் பதிந்த ஷூ தடம். அவருடைய தோழி வீட்டில் அதே பத்தரை அளவு ஷூ பெட்டி. பெட்டிதான் இருந்தது, ஷூ இல்லை.

மிச்சத்தை நிரப்பியவர்கள் தெருச் சாட்சிகள். 'அன்று காலை இந்தப் பக்கமாகப் போனார்' என்று வரிசையாகச் சொன்னார்கள். பலர் வாய் திறந்தது வாரங்கள், மாதங்கள் கழித்து. அதற்குள் 30,000 டாலர் பரிசும் அறிவிக்கப்பட்டிருந்தது.

இத்தனை பேர் சேர்ந்து பொய் சொல்வார்களா என்று கேட்பவர்கள் ஊரில் உண்டு. பொய்யே சொல்ல வேண்டியதில்லை. ஒரு சாதாரண நாளில் தெருவில் யார் போனார் என்று மூன்று மாதம் கழித்துக் கேட்டால், ஊரே முணுமுணுக்கும் பெயர்தான் முதலில் நாக்கில் வரும். பணமும் சேர்ந்துகொண்டால் தயக்கம்கூட உறுதியாகிவிடுகிறது. ஒவ்வொரு விசாரணையிலும் அதைத் திருப்பிச் சொல்லச் சொல்ல, சொல்பவருக்கே அது கண்ணால் கண்டதாகிவிடும்.

சிறையில் அந்த இளைஞர் தன்னிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று சாட்சி சொன்ன கைதியோ, தான் சொன்னது பொய் என்று பல ஆண்டுகள் கழித்துப் பத்திரிகையாளர்களிடம் ஒப்புக்கொண்டார்.

ஒரே வழக்கு, ஆறு விசாரணை. முதல் மூன்று தண்டனைகளும் மேல்முறையீட்டில் ரத்தாயின. அடுத்த இரண்டில் ஜூரிகள் ஒருமனதாகவில்லை. 2010இல் மீண்டும் மரண தண்டனை. கறுப்பின ஜூரிகள் திட்டமிட்டு ஒதுக்கப்பட்டதைக் காரணம் காட்டி, 2019 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் அதையும் ரத்து செய்தது. ஆறு விசாரணைகளிலும் அரசுத் தரப்பு நீக்க முடிந்த கறுப்பினத்தவர் 42 பேர். நீக்கியது 41 பேரை.

ஏறக்குறைய 23 ஆண்டுகள் சிறையில் கழிந்த பிறகு, 2020 செப்டம்பரில் வழக்கு கைவிடப்பட்டது. அந்த நான்கு கொலைகளுக்காக வேறு யாரும் கூண்டில் ஏற்றப்படவில்லை.

பரிசு அறிவித்த வழக்குகளில், ஒவ்வொரு சாட்சியும் எந்தத் தேதியில், யார் கேட்ட பிறகு முதன்முதலில் பேசினார் என்பதை ஜூரிகளிடம் முதல் நாளே எழுத்தில் கொடுக்க வேண்டும். உயிர் போகும் தண்டனைக்கு இந்தக் குறைந்தபட்சக் காவலாவது வேண்டும்.